மாம்பலம் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்த காலம்

அரைவட்டமாக வெட்டிய ஒரு ஜன்னல் துவாரத்தின் வழியாக ஓர் ஊரைப் பார்த்து வந்தவன் நான். 1965-ஆம் ஆண்டில், இருபத்தொரு பிராயத்தில், திருச்சியிலுள்ள ரயில்வே பயிற்சிப் பள்ளியில் பாடங்களை முடித்துக்கொண்டு, புக்கிங் கிளார்க் உத்தியோகம் ஏற்று மாம்பலம் ஸ்டேஷனில் முதன்முதலாக உட்கார்ந்தபோது, கம்பி வலைக்கு அப்பால் நிற்கும் பிரயாணியின் முகம் எனக்குச் சரியாகத் தெரிவதே இல்லை. தெரிந்ததெல்லாம் துவாரத்துக்குள் நீண்டு வரும் கை ஒன்றுதான். ஆள்காட்டி விரலில் மசிக்கறையும், உள்ளங்கையில் சரியாக எண்ணி வைத்த சில்லறையுமாக வந்தால் அது கோட்டைக்கோ கடற்கரைக்கோ போகும் குமாஸ்தாவின் கை. வாழைநாரின் ஈரம் காயாமல் வந்தால் அது பூக்கடைக்குச் சரக்கெடுக்கப் போகும் அம்மாளின் கை. மாணவர்களின் கையோ காசை நீட்டிவிட்டு டிக்கெட் வருவதற்குள் இரண்டு தரம் பின்வாங்கிவிடும். கையைப் பார்த்தே போகும் ஊரைச் சொல்லிவிடும் பழக்கம் ஆறே மாதங்களில் எனக்கு வந்துவிட்டது. இடையில் பன்னிரண்டு ஆண்டுகள் வேறு ஸ்டேஷன்களில் இருந்துவிட்டு, மறுபடியும் அதே மாம்பலத்துக்கு மாற்றலாகி வந்து, 2004-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றேன். ஓர் ஊரின் சரித்திரத்தை எழுதக் கல்வெட்டும் செப்பேடும் தஸ்தாவேஜும் வேண்டும் என்பார்கள். தியாகராய நகரைப் பொறுத்தவரையில் அதன் சரித்திரத்தில் பாதியை டிக்கெட் அடுக்கிலிருந்தே எழுதிவிடலாம் என்பது என் நம்பிக்கை.

அந்த அடுக்கைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். ஏனெனில் அதை இனிமேல் யாரும் பார்க்கப் போவதில்லை. அன்றைய டிக்கெட் என்பது கட்டைவிரல் நீளத்துக்குக் கெட்டியான ஓர் அட்டை. 1830களில் இங்கிலாந்தில் தாமஸ் எட்மண்ட்சன் என்ற ஸ்டேஷன் மாஸ்டர் யோசித்துக் கண்டுபிடித்த முறை அது. உலகத்து ரயில்வேக்கள் பலவும் அதை ஏற்றுக்கொண்டு நூற்றைம்பது வருஷங்களுக்கு மேல் அனுசரித்து வந்தன. எங்களுக்கு வேண்டிய அட்டைகள் ராயபுரத்து ரயில்வே அச்சகத்தில் அச்சாகிக் கட்டுக்கட்டாக வரும். ஒவ்வோர் ஊருக்கும் தனி அட்டை, ஒவ்வொரு வகுப்புக்கும் தனி அட்டை, ஒவ்வோர் அட்டைக்கும் வரிசை எண். அவற்றை நாங்கள் ட்யூப் என்று அழைக்கும் செங்குத்தான மரத்தடுப்புகளுக்குள், சிறிய எண் அடியிலும் பெரிய எண் மேலுமாக அடுக்கி வைப்போம். அடியிலுள்ள அட்டையை விரல் நுனியால் இழுத்தால் மேலே இருப்பது தானே இறங்கி அதன் இடத்தில் உட்காரும். இழுத்ததைத் தேதி குத்தும் இரும்பு யந்திரத்தின் வாயில் கொடுத்துத் தள்ளினால், டடக்கென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அது டிக்கெட், அதற்கு முன் அது வெறும் அட்டை. ஷிப்டு தொடங்கும்போது ஒவ்வொரு ட்யூபிலும் அடியில் நிற்கும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். முடியும்போது மறுபடி குறிக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கட்டணத்தால் பெருக்கினால் பெட்டியில் எவ்வளவு பணம் இருக்க வேண்டுமோ அது வந்துவிடும். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரியவர், நெற்றியில் விபூதியும் காதில் பென்சிலுமாக இருப்பவர், முதல் நாளே சொன்னார்: “தம்பி, பணத்தை அப்புறம் எண்ணலாம், நம்பரை முதலில் பாரு. பணம் பொய் சொல்லும், நம்பர் சொல்லாது.”

ட்யூப்களை எந்த வரிசையில் வைப்பது என்பதற்கு எந்தச் சட்டமும் கிடையாது. அது அந்த ஸ்டேஷன்காரர்களின் அனுபவத்தைப் பொறுத்தது. அதிகமாக விற்பது வலது கைக்கு அருகில் இருக்கும், அபூர்வமாக விற்பது எட்டி எடுக்கும் தூரத்தில் இருக்கும். 1965-இல் நான் உட்கார்ந்த அடுக்கில், கைக்கருகே கடற்கரை, கோட்டை, பார்க், எழும்பூர் ஆகிய நான்கும் இருந்தன. தாம்பரமும் செங்கற்பட்டும் மேல் வரிசையின் இடது கோடியில், எழுந்து நின்று எடுக்க வேண்டிய இடத்தில் இருந்தன. அதாவது, மாம்பலம் என்ற ஊர் வடக்கே பார்த்து உட்கார்ந்திருந்தது. காலையில் எழுந்து குளித்து, டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு, எழும்பூர்ப் பக்கமாகவும் கோட்டைப் பக்கமாகவும் போய், சாயங்காலம் திரும்பி வரும் ஊர் அது. பகல் பத்தரை மணிக்கு மேல் மூன்று மணி வரையில் ஜன்னலில் ஆள் இருக்காது. பெரியவர் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிதானமாகத் தலைப்பு எழுதுவார்.

அந்த ஊரின் பிரஜை ஒருவரை நான் உத்தியோகத்துக்கு வருவதற்கு முன்பே நன்றாக அறிவேன். அவர் என் சித்தப்பா. மாயவரத்துப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பள்ளிப் படிப்புக்காக என்னைப் பட்டணத்துக்கு அழைத்துவந்து, மேற்கு மாம்பலத்தில் இரண்டு அறைகள் கொண்ட வாடகை வீட்டில் தம் பிள்ளைகளோடு ஒரு பிள்ளையாக வளர்த்தவர். பாரிமுனையில் ஒரு வியாபாரக் கம்பெனியில் குமாஸ்தா. அவருடைய சட்டைப்பையில் எண்ணெய் படிந்த ஒரு தோல் உறை இருக்கும். அதற்குள் இருந்த மாதச் சீசன் டிக்கெட்டை அவர் ரேஷன் கார்டைவிட ஜாக்கிரதையாகப் பாதுகாத்தார். சம்பளம் வந்தவுடன் வாடகைக்கு ஒரு கவர், பால்காரனுக்கு ஒரு கவர், சீசனுக்கு ஒரு கவர் என்று பிரித்து வைப்பார். மளிகைக் கடையில் பாக்கி சொல்ல நேர்ந்தாலும் சீசன் கவரை மட்டும் தொடமாட்டார். “சீசன் இருந்தால்தான்டா இந்த வீடு, சீசன் இல்லை என்றால் தம்புச் செட்டித் தெருவில் ஒண்டுக் குடித்தனம்தான்” என்று அவர் சித்தியிடம் சொல்லாமல் என்னிடம் சொன்ன வார்த்தையின் பொருள், நானே சீசன் டிக்கெட் எழுதிக் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்குப் பூரணமாக விளங்கிற்று.

விளக்கம் மிகவும் எளியது. மாதச் சீசனின் விலை, இன்றைய கணக்குப்படி, சுமார் பதினைந்து தனிப்பயணங்களின் கட்டணத்துக்குச் சமம். அதை வைத்துக்கொண்டு ஒருவர் காலையும் மாலையுமாக மாதத்தில் ஐம்பது தடவை பயணம் செய்யலாம். காலையில் ஆறு மைல் தள்ளிப் போய் வேலை பார்க்கவும், காற்றோட்டமான இடத்தில் குறைந்த வாடகைக்குக் குடியிருக்கவும் ஒரு நடுத்தரக் குடும்பஸ்தனால் முடிந்தது என்றால், அதற்குக் காரணம் இந்தப் பெருக்கல் வித்தியாசம்தான். நகர நிர்மாணம் செய்தவர்கள் மனையை அளந்தார்கள், ரோடு போட்டார்கள், பூங்கா அமைத்தார்கள். ஆனால் அந்த மனையில் குமாஸ்தாவும் வாத்தியாரும் தபால் இலாகாக்காரரும் குடியேறும்படி செய்தது சீசன் டிக்கெட்.

மனை அளந்த கதையையும் சொல்ல வேண்டும். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரையில் நீண்டு கிடந்த ஒரு பெரிய ஏரி, ஆங்கிலேயர் காலத்துப் படங்களில் நீண்ட ஏரி என்றே பெயரிடப்பட்டிருந்தது. அதன் கிழக்குக் கரையை ஒட்டி மவுண்ட் ரோடு ஓடியது. மேற்குப் புறத்தில் செங்கற்பட்டு ஜில்லா சைதாப்பேட்டைத் தாலுகாவைச் சேர்ந்த மாம்பலம் என்ற கிராமம் இருந்தது. வில்வ மரங்கள் நிறைந்திருந்ததால் மகாவில்வ க்ஷேத்திரம் என்று பெயர் பெற்று, அது மாவில்வமாகி மாம்பலமாயிற்று என்று காசி விசுவநாதர் கோவில் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லுவார்கள். தென்னிந்திய ரயில்வேக் கம்பெனி மதுரை, தூத்துக்குடி வரையில் ஓட்டிய மீட்டர் கேஜ் பாதை இந்தக் கிராமத்தை ஊடறுத்துச் சென்றது. ஜார்ஜ் டவுனிலும் திருவல்லிக்கேணியிலும் ஜனநெருக்கம் பொறுக்க முடியாமற் போகவே, 1920-இல் நகரமைப்புச் சட்டம் இயற்றிய சென்னை அரசாங்கம், ஏரியை வடித்து அதன் படுகையில் ஒரு புது நகரம் அமைப்பதென்று தீர்மானித்து, 1923 முதல் 1925 வரையில் அதை நிறைவேற்றிற்று. ஒரு பக்கம் மவுண்ட் ரோடு, மறுபக்கம் ரயில் பாதை, நடுவே நீர் வடிந்த நிலம்: குடியேற்றத்துக்கு இதைவிட நல்ல இடம் அகப்பட்டிருக்காது.

அப்போது ஆட்சியிலிருந்தது ஜஸ்டிஸ் கட்சி. அதன் தலைவர் சர் பிட்டி தியாகராய செட்டியார் 1925-இல் காலமானார். புது நகரம் அவர் பெயரைத் தாங்கிற்று. முதல் மந்திரியாயிருந்த பனகல் ராஜாவின் பெயர் நடுவிலுள்ள பூங்காவுக்கு வந்தது; டாக்டர் நாயர், டாக்டர் நடேச முதலியார், முகம்மது உஸ்மான், கோபதி நாராயணசாமி செட்டி என்று கட்சியின் பிரமுகர்கள் ஒவ்வொருவரும் ஒரு ரோடாகவோ பூங்காவாகவோ நிலைபெற்றார்கள்; சௌந்தரபாண்டிய நாடாரின் பெயர்கொண்ட அங்காடி ஜனங்களின் வாயில் பாண்டி பஜார் ஆயிற்று. பனகல் பூங்காவிலிருந்து பிரியும் ரோடுகளை ஒரு படத்தில் பார்த்தால், சக்கரத்தின் குடத்திலிருந்து ஆரக்கால்கள் புறப்படுவது போலத் தோன்றும். நகரத்தைத் திட்டமிட்டவர்களுக்கு அந்தப் பூங்காதான் மத்தி. ஆனால் அங்கே குடியிருந்த ஜனங்களின் கால்களுக்கு மத்தியாக இருந்தது பூங்கா அல்ல, ஸ்டேஷன்தான். உஸ்மான் ரோட்டிலிருந்து ஸ்டேஷன் வாசலுக்கு வரும் ஒரு சிறு தெரு, வேறெந்தப் பெருமையும் இல்லாமல் அந்த ஒரே காரணத்தால் பிற்காலத்தில் இந்தியா முழுவதற்கும் தெரிந்த ரங்கநாதன் தெரு ஆயிற்று. நான் வேலைக்கு வந்த புதிதில் அங்கே வீடுகள் இன்னும் வீடுகளாகவே இருந்தன. இரவு கடைசி வண்டிக்குப் பிறகு, மூலையிலிருந்த வீட்டில் ஒரு பாட்டி குழந்தைக்குப் பாடும் தாலாட்டு டிக்கெட் அறைக்குள் கேட்கும்.

புது நகரம் உருவாகிச் சில வருஷங்களுக்குள் மின்சார ரயில் வந்தது, அதன் பாக்கியம். பம்பாயில் 1925-இல் ஓடத் தொடங்கிய மின்சார ரயிலுக்குப் பின், மீட்டர் கேஜ் பாதையில் இந்தியாவிலேயே முதலாவதாக, கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை சுமார் 29 கிலோமீட்டருக்கு மின்சார வண்டியை 1931 ஏப்ரலில் கவர்னர் சர் ஜார்ஜ் ஸ்டான்லி தொடங்கிவைத்தார். மே மாதத்தில் பொதுஜனங்களுக்காக ஓடலாயிற்று. கரியும் புகையும் இல்லாமல், நின்ற இடத்திலிருந்து சட்டென்று வேகம் பிடிக்கும் அந்த வண்டி வந்த பிறகுதான் ஸ்டேஷன்களை நெருக்கி வைக்கவும் வண்டிகளை அடுத்தடுத்து விடவும் சாத்தியமாயிற்று. நீராவி எஞ்சின் காலத்தில் ரயில் என்பது காத்திருந்து பிடிக்க வேண்டிய ஒரு விசேஷம். மின்சாரம் வந்தபின் அது, ஒன்று போனால் அடுத்தது வரும் என்ற நிச்சயம். அந்த நிச்சயத்தை நம்பித்தான் ஒருவர் வீடு கட்டுவார். கோடம்பாக்கம், மாம்பலம், சைதாப்பேட்டை, பல்லாவரம், குரோம்பேட்டை என்று பாதை நெடுகிலும் வீடுகள் எழும்பிய வரலாறு இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும்.

மயிலாப்பூரோடு ஒப்பிட்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். மயிலாப்பூருக்கு மத்தி கபாலீசுவரர் கோவிலும் அதன் தெப்பக்குளமும்; ரயில் என்பது அந்த ஊருக்கு 1997-இல்தான், பறக்கும் ரயிலாக வந்தது. ரயில் வராததால் அந்த ஊர் குறைந்துவிடவும் இல்லை, வந்ததால் பெருகிவிடவும் இல்லை. உயர்நீதிமன்ற வக்கீல்களும் நீதிபதிகளும் மாளிகை கட்டிக்கொண்டு வாழ்ந்த அந்த ஊரில், கோர்ட்டுக்குப் போகச் சொந்த வண்டி இருந்தது. அடையாறோ, 1882-இல் பிரம்மஞான சபை தன் தலைமை ஸ்தானத்தை அங்கே கொண்டுவந்த நாளிலிருந்து நதிக்கரைத் தோப்பும் அமைதியுமாக இருந்து, பிற்பாடு காந்தி நகர் முதலான குடியிருப்புகள் தோன்றி, பஸ்ஸை நம்பியே வளர்ந்தது. மாம்பலம் மட்டும்தான் இந்த மூன்றில் சுத்தமான ரயில்வே ஊர். கோவிலடியில் குடியேறினவர்கள் சாமியின் பெயரைச் சொல்லி விலாசம் சொல்லுவார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் “ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிஷம்” என்றுதான் வீட்டுக்கு வழி சொல்லுவார்கள்.

ஆனால் ஊரை உண்டாக்கிய அதே ரயில் பாதை ஊரை இரண்டாகவும் பிளந்தது. கிழக்கே தியாகராய நகர்: திட்டமிட்ட அகலமான ரோடுகள், பூங்காக்கள், மரங்கள். மேற்கே மேற்கு மாம்பலம்: திட்டம் போட்டவர்களின் கை எட்டாமல் தானாகப் பெருகிய சந்துகள், நெருக்கமான குடித்தனங்கள், கோதண்டராமர் கோவில், அயோத்தியா மண்டபத்து உபன்யாசம். இரண்டுக்கும் நடுவே தண்டவாளம். தண்டவாளத்துக்கு மேலே ஒரு நடைமேம்பாலம். கிழக்கேயுள்ள பள்ளிக்கூடத்துக்குப் போகும் மேற்குப் பிள்ளைகளும், கிழக்கேயுள்ள வீடுகளில் சமையலுக்கும் பாத்திரம் துலக்கவும் போகும் பெண்களும் விடியற்காலையிலிருந்தே அந்தப் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு நான் டிக்கெட் கொடுத்ததில்லை. அவர்கள் ரயிலேறுகிறவர்கள் அல்லர், ரயிலைக் கடக்கிறவர்கள். மேற்கு மாம்பலத்தில் வளர்ந்தவன் என்ற முறையில் இதை நான் வருத்தத்தோடுதான் சொல்லுகிறேன்: 1923-இல் வரைந்த கோடு தண்டவாளத்தோடு நின்றுபோனது, அந்தத் தண்டவாளத்தைத் தாண்டியிருந்த ஜனங்களும் அதே வண்டியில், அதே சீசனில்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஐப்பசி கார்த்திகையில் அந்தக் கோடு கண்ணுக்கே தெரியும். நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிவது; மழைநீர் பழைய ஏரியைத் தேடிப் போக நினைப்பது; நடுவே ரயில் பாதையின் மேடு குறுக்கே கிடப்பது. சுரங்கப்பாதைகளில் தண்ணீர் தேங்கிவிடும். வடிகிற நீர் மாம்பலம் கால்வாய் வழியாக அடையாற்றுக்குப் போய்ச் சேர வேண்டும். போய்ச் சேரும் வரையில் முழங்கால் தண்ணீரில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜனங்கள் ஸ்டேஷனுக்கு வருவார்கள். அத்தகைய நாட்களில் துவாரத்துக்குள் வரும் நோட்டெல்லாம் நனைந்திருக்கும். மேஜைக் கண்ணாடியின் மேல் ஒட்டிவைத்து உலர்த்தித்தான் எண்ண வேண்டும். மேற்கு மாம்பலத்தில் ஏரியைப் பார்த்திருக்கும் சாலை என்று பொருள்படும் லேக் வியூ ரோடு இன்றும் இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் ஏரிப்பகுதி என்றே ஒரு பேட்டைக்குப் பெயர்; 1976-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டமும் அந்த ஏரிப் படுகையில் எழுந்ததுதான்.

என் முதல் தவணையில் கண்ட பெரிய மாறுதல் ஒன்றே ஒன்று. 1967-இல், முப்பத்தாறு ஆண்டுகள் ஓடிய 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தை நிறுத்திவிட்டு, 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்குப் பாதை மாற்றப்பட்டது. பழைய பெட்டிகள் போய்ப் புதுப் பெட்டிகள் வந்தன. பிரயாணிகளுக்கு அதனால் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு மட்டும், வண்டி புறப்படும்போது கேட்டுக் கேட்டுப் பழகிய முனகல் சத்தம் மாறிப்போனதில் கொஞ்ச நாள் மனசு சரியாக இல்லை. 1971-இல் எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. எழும்பூர், விழுப்புரம், செங்கற்பட்டு என்று சுற்றினேன்; மூன்றாம் வகுப்பு ஒழிந்து இரண்டாம் வகுப்பானதை வேற்றூரில் இருந்தபோதுதான் பார்த்தேன்.

1983-ஆம் ஆண்டு புரட்டாசியில் மாம்பலத்துக்குத் திரும்பி வந்தேன். பெரியவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டிருந்தார். அதே அறை, அதே இரும்பு யந்திரம், அதே மரத்தடுப்பு. அடுக்கின் வரிசையும் அநேகமாகப் பெரியவர் வைத்தபடியே இருந்தது. அதனால்தான் எனக்கு அந்த விபத்து நேர்ந்தது.

தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, சாயங்கால ஷிப்டு. ஆறு மணிக்கு மேல் ஜன்னலுக்கு வெளியே ஒரு கர்ஜனை போன்ற சத்தம். துவாரத்துக்குள் வந்த கைகள் எனக்குப் பரிச்சயமான கைகள் அல்ல. மசிக்கறை இல்லை, தோல் உறை இல்லை, ஒவ்வொரு மணிக்கட்டிலும் துணிக்கடைப் பையின் கயிறு இறுக்கி அழுந்திச் சிவந்திருந்தது. “தாம்பரம் மூணு”, “செங்கல்பட்டு நாலு, ரெண்டு அரை”, “குரோம்பேட்டை ஆறு குடுங்க சார், குழந்தை அழுவுது”. வரும்போதே ரிட்டர்ன் எடுத்து வந்தவர்கள் போக எஞ்சியவர்களே இத்தனை பேர். எழுந்து நின்று, இடது கோடியை எட்டி எட்டி இழுத்து, தோள் கடுத்துவிட்டது. தாம்பரத்து ட்யூப் காலியாகிவிடவே, அலமாரியிலிருந்து இரண்டு கட்டுகளை எடுத்து, நூலை அறுத்து, வரிசை எண்ணைப் பாராமல் அவசரத்தில் உள்ளே இறக்கினேன். பிந்திய கட்டு அடியிலும் முந்திய கட்டு மேலுமாகப் போய்விட்டது. இரவு கணக்கை முடிக்கும்போது, எண்களின் வித்தியாசப்படி பெட்டியில் இருக்க வேண்டிய பணத்துக்கும், இருந்த பணத்துக்கும் ஒரு கட்டு டிக்கெட்டின் விலை அளவுக்குத் துண்டு விழுந்தது. என் ஒரு மாதச் சம்பளத்தில் கணிசமான பாகம் அது. கைகால் நடுங்கப் பெட்டியை மூன்று தரம் எண்ணினேன். கடைசி வண்டியும் போய்விட்டது. அப்போதுதான் பெரியவரின் சொல் ஞாபகம் வந்தது. பணத்தை விட்டுவிட்டு, ட்யூபிலிருந்த அட்டைகளை எல்லாம் மேஜைமேல் கொட்டி ஒவ்வொன்றாக எண்ணைப் படித்தேன். முந்திய கட்டு முழுசாக, விற்காமல், மேலே உட்கார்ந்திருந்தது. நம்பர் பொய் சொல்லவில்லை. நான்தான் அதைப் பார்க்காமல் விட்டிருந்தேன். விவரத்தைப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட்டபோது மணி ஒன்று.

வீட்டுக்கு நடந்து போகையில்தான் அந்த எண்களின் அர்த்தம் எனக்கு உறைத்தது. ஒரே மாலையில் தாம்பரத்துக்கு மட்டும் அத்தனை டிக்கெட் மாம்பலத்திலிருந்து விற்றிருக்கிறது. 1965-இல் மாலை வேளையில் மாம்பலம் டிக்கெட் விற்கும் ஸ்டேஷனே அல்ல, வந்திறங்குகிறவர்களின் ஸ்டேஷன். நான் இல்லாத பன்னிரண்டு ஆண்டுகளில் ஊர் திரும்பி உட்கார்ந்துவிட்டது. அதுவரையில் காலையில் வெளியே போய் மாலையில் உள்ளே வந்த பட்டணம், இப்போது பகலெல்லாம் ஜனங்களை உள்ளே இழுத்துக்கொண்டு மாலையில் வெளியே விட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் நான் செய்த முதல் காரியம், தாம்பரத்தையும் செங்கற்பட்டையும் கோடியிலிருந்து எடுத்து வலது கைக்கருகே வைத்ததுதான். கோட்டை ட்யூப் மேலே போயிற்று. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. சக ஊழியர்கள் எவரும் மறுக்கவும் இல்லை.

இந்தத் திருப்பம் எப்படி நேர்ந்தது என்று பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன். காஞ்சிபுரத்துப் பட்டு 1928-லேயே நல்லி சின்னசாமி செட்டியார் கடை வழியாகத் தியாகராய நகருக்கு வந்துவிட்டது. ஆனால் அது அந்த ஊரில் குடியிருந்தவர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் போதுமான கடை. தென்மாவட்டங்களிலிருந்து வந்து, சிறு பாத்திரக் கடையும் துணிக்கடையும் வைத்து, லாபத்தைக் குறைத்து விற்பனையைப் பெருக்கிய வியாபாரிகள் ரங்கநாதன் தெருவைத் தேர்ந்தெடுத்ததுதான் முக்கியமான விஷயம். பனகல் பூங்காவின் எதிரே மோட்டாரில் வருகிறவன் இறங்குவான். ரங்கநாதன் தெருவிலோ ரயிலில் வருகிறவன் இறங்குவான். செங்கற்பட்டிலும் தாம்பரத்திலும், அதற்கப்பாலும், சீசன் டிக்கெட்டின் தயவில் வீடு கட்டிக் குடியேறிய அடுத்த தலைமுறைக் குடும்பஸ்தன், பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு மாம்பலத்தில் வந்து இறங்கினான். குமாஸ்தாவுக்காகப் போட்ட ரயில், குமாஸ்தாவின் பிள்ளை சாமான் வாங்க வரும் ரயிலாயிற்று. ஓய்வுக்குப் பின் மவுண்ட் ரோடு தேவநேயப் பாவாணர் நூலகத்தில் உட்கார்ந்து படித்தபோது, ஜப்பானில் கோபயாஷி இச்சிஸோ என்பவர் 1910-இல் ஒஸாகாவுக்கு அருகே மின்சார ரயில் போட்டு, அதன் ஓரத்தில் வீட்டுமனைகளைத் தவணை முறையில் விற்று, 1929-இல் முனையத்திலேயே ஒரு பெரிய பல்பொருள் அங்காடியையும் கட்டினார் என்று அறிந்தேன். அங்கே ஒரு மனிதர் யோசித்துத் திட்டமிட்டுச் செய்ததை, மாம்பலத்தில் ஒருவரும் திட்டமிடாமல், ஐம்பது வருஷம் ஜனங்களே சேர்ந்து செய்துமுடித்தார்கள். எனக்கு நம்முடையதே பெரிய காரியமாகத் தோன்றுகிறது.

இதற்குக் கொடுத்த விலை சிறிதல்ல. குடித்தனக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராக வீட்டை விற்றுவிட்டுப் புறப்பட்டார்கள். தாலாட்டுப் பாடிய பாட்டியின் வீடு இடிக்கப்பட்டபோது நான் ஷிப்டில் இருந்தேன். திண்ணை இருந்த இடத்தில் நான்கு மாடி, ஐந்து மாடி எழும்பின; தெருவின் அகலம் மட்டும் 1925-இல் இருந்ததேதான். வீட்டை விற்றவர்களிற் சிலர் நங்கநல்லூருக்கும் குரோம்பேட்டைக்கும் போய், அங்கிருந்து மாதந்தோறும் மாம்பலத்து வைத்தியரையும் ஜோசியரையும் பார்க்க வருவார்கள். அவர்களில் ஒருவர், பழைய வழக்கத்தில், என் ஜன்னலில் வந்து “கோட்டை ஒன்று” என்று கேட்டுவிட்டு, சற்று நின்று, “இல்லை தம்பி, பழவந்தாங்கல்” என்று திருத்திக்கொண்டார்.

கடைசி ஆண்டுகளில் அட்டை டிக்கெட்டின் இடத்தைக் கம்ப்யூட்டர் பிடித்துக்கொண்டது. அது நல்லதே, கட்டை மாற்றி இறக்கி நள்ளிரவில் நடுங்கும் துர்ப்பாக்கியம் அடுத்து வந்த பிள்ளைகளுக்கு இல்லை. எந்த ஊரானாலும் ஒரே மாதிரியான மெல்லிய காகிதம் வந்து விழும். அடுக்கு என்பதே கிடையாது, ஆகவே வலது கைப்பக்கம், இடது கோடி என்பதும் கிடையாது. பாதையில் அகலத் தண்டவாளம் வந்து, 1931 முதல் ஓடிய மீட்டர் கேஜ் மின்சார வண்டி 2004-இல், நான் ஓய்வு பெற்ற அதே ஆண்டில், நின்றது. கடைசி மீட்டர் கேஜ் வண்டிகளில் ஒன்றில் சைதாப்பேட்டை வரையில் போய்வந்தேன். சித்தப்பா அப்போது உயிரோடு இல்லை.

போன கார்த்திகையில், ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரையில் போட்டிருக்கும் ஆகாய நடைமேம்பாலத்தில் நடந்து பார்க்க வேண்டும் என்று தோன்றிற்று. 2023 மே மாதத்தில் திறந்தது. சுமார் 570 மீட்டர் நீளம். பேத்தி துணைக்கு வந்தாள். “தாத்தா, கால் வலிக்கிறதா, நிற்கலாமா?” என்று நடுவழியில் கேட்டாள், கால் வலிக்கவில்லை, பார்ப்பதற்காக நின்றேன். சாயங்காலம் ஆறரை மணி. கீழே தெரு முழுவதும் தலைகள். ஸ்டேஷன் பக்கமாகப் போகிறவர்கள் எத்தனை, அங்கிருந்து வருகிறவர்கள் எத்தனை என்று பழக்கத்தில் எண்ண ஆரம்பித்தேன். அறுபது வரைக்கும் எண்ணினேன். பெரும்பாலும் ஸ்டேஷனை நோக்கிப் போகிறவர்கள்தான், கையில் பை இல்லாதவர் ஒருவரும் இல்லை. எதிர்த்திசையில் வந்தவர்களில் ஓர் இளைஞன், தோளில் கணினிப் பையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக, கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு வேகமாக நடந்தான். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவனின் நடை அது, எனக்குத் தெரியும். கிழக்கே இன்னும் யாரோ குடியிருக்கிறார்கள். அவன் தலை மறையும் வரையில் பார்த்துவிட்டு, பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்து, தண்டவாளங்களைக் கடந்து, மேற்குப் பக்கத்துப் படிகளில் இறங்கினேன். மழை தூற ஆரம்பித்திருந்தது. லேக் வியூ ரோடு வழியாக வீட்டுக்குப் போனோம்.